ஷூவால் அழித்த அம்புக்குறி

எங்கள் ஒரகடம் ஆலையில் கம்பெனி பஸ்கள் நிற்கும் சிமென்ட் தரையைக் கடக்கும்போதெல்லாம் என் கண் ஓர் அம்புக்குறியைத் தேடும். சாக்பீஸால் போட்டது. போட்டவர் எங்கள் பிளானிங் மேடம், நாகர்கோவில்காரர். அன்றைக்கே அதை ஷூவால் தேய்த்து அழித்தவன் நான்.

அப்போது ஒரு புது உற்பத்தி லைன் முப்பது நாளில் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும். அதை நம்பிச் சேர்த்த காண்ட்ராக்ட் பிள்ளைகள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என்றைக்கு முடியும் என்று கேட்டால் கம்ப்யூட்டர் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடம் எங்கள் எல்லாரையும் வெயிலில் இறக்கி, வேலைக்கு ஒருவராக நிறுத்தினார். ஒருவர் வேலை முடிந்தால்தான் இன்னொருவர் தொடங்க முடியும் என்றால், இவரிடமிருந்து அவருக்கு ஓர் அம்பு. காதில் விழும் எண்ணோடு நம் வேலைக்கான நாளைக் கூட்டி, அம்பு காட்டும் ஆளிடம் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதைவிடப் பெரிய எண் வந்தால் மறுபடி கூட்டிச் சொல்ல வேண்டும். கடைசி ஆளிடம் நிற்கும் எண்தான் லைன் ஓடும் நாள். "இன்னா மேடம், ஸ்கூல் பசங்க வெளையாட்டு மாறி கீதே?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

உற்பத்தியைப் பார்க்கும் என்னிடமும் குவாலிட்டிக்காரரிடமும் வந்ததும் எண் ஏறத் தொடங்கியது. நான் கூட்ட, அவர் கூட்ட, மறுபடி நான் கூட்ட, நூறைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்ஸ்சருக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் முதல் பாகம் என்பது என் சட்டம். பாகத்தைப் பார்த்தால்தான் கையெழுத்து என்பது அவர் சட்டம்.

"ரெண்டு பேரும் இப்படியே நின்னா கணக்கு முடியவே செய்யாது, கேட்டியளா. ஒரு அம்பு போணும்" என்றார் மேடம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கையெழுத்து வாணாம் மேடம். மொத பீஸ சோதனைக்குனு நானே போட்டுத் தரேன். வீணாப் போனா என் தலைமேல" என்று சொல்லி, அவரிடமிருந்து எனக்கு வந்த அம்பைத் தேய்த்தேன்.

அடுத்த சுற்றில் எண்கள் மளமளவென்று ஓடிக் கடைசி ஆளிடம் நின்றன: முப்பத்திரண்டு. அதைத் தந்தவர் யார், அவருக்குத் தந்தவர் யார் என்று பின்னோக்கி நடந்த மேடம், கேபிள் இழுக்கும் எலக்ட்ரிக்கல் ஆள் முன்னால் நின்றார். அதிக நாள் பிடிக்கும் பாதை அவர் வழியாகத்தான் போனது. எனக்கோ அவகாசம் இருந்தது. என் ஆட்களை அவரிடம் அனுப்பினேன். ஒரு நாள் மிச்சம் வைத்து லைன் ஓடியது. முதல் பெட்டி லாரியில் ஏறியபோது காண்ட்ராக்ட் பிள்ளைகள் அடித்த விசிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் இப்போது வேறு ஊரில். ஆலையில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. நேற்று அடுத்த லைனுக்காக அதே தரையில் நானே சாக்பீஸைப் பிடித்தேன். பெயின்ட் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் நடுவே எண் ஒருமுறை சுற்றி வந்தது. இரண்டாம் சுற்றுக்கு நான் விடவில்லை. "யாரு ஷூ?" என்று கேட்டேன்.

இரண்டு கால்கள் ஒன்றாக நீண்டன.