அருவியை அழித்தவள்

சொந்தமாக ஒரு கெமரா இல்லாமலே சிவானுஜா படமெடுக்கக் கற்றுக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் தலைக்கு மேல் ஈரத்துணி சொட்டச் சொட்டப் படித்து உயர்தரப் பரீட்சை தேறினாள். “பொம்பளப் புள்ளைக்குப் படம் புடிக்கிற வேலையா?” என்று கேட்ட அம்மாவை, சண்டை போடாமல், பேசாமலே இருந்து வழிக்குக் கொண்டுவந்தாள். மூடுபனியை வென்றாள். அட்டைக்கடியை வென்றாள். எல்லாவற்றையும்விட, சொன்ன பேச்சுக் கேட்காத தன் வலது கையை வென்றாள். மற்றதெல்லாம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கடைசி விஷயம் அவளுடைய அக்கா யசோதினிக்குத்தான் முழுதாகத் தெரியும். கூடவே இருந்தவள் அவள்.

யசோதினி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது. தங்கை சிவானுஜாவுக்குப் பதுளையில், ஜெயராசா முதலாளியின் ஸ்டூடியோவில் வேலை. வேலை என்றால் கெமரா வேலை அல்ல. கணினி மேசையில் உட்கார்ந்து கல்யாணப் படங்களைத் திருத்துவது. பெண்ணின் கன்னத்துப் பருவை எடுக்க வேண்டும், நெற்றித் தழும்பை அழிக்க வேண்டும், வியர்வையைத் துடைக்க வேண்டும், நிறத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். வெள்ளையாக வராத படம் கடைக்கே திரும்பி வரும் என்பது முதலாளியின் அனுபவம். நாளெல்லாம் முகங்கள்தான். கோடு தெரிந்தால் கை தானாகப் போய் அழித்துவிடும்.

ஒருநாள் ஹுமைத் என்பவர் கடைக்கு வந்தார். எல்ல என்ற ஊரில் புதிதாக விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க மலைப்படம் ஒன்று வேண்டும் என்றார்.

“இன்டர்நெட்டுல எடுத்து அடிக்கிறதா இருந்தா நான் கொழும்புலயே அடிச்சிருப்பேன் அண்ணன். இந்தப் பக்கத்து ஆள் எடுத்ததா இருக்கணும்.”

சிவானுஜா மேசையைவிட்டு எழுந்துவந்து தன் போனை நீட்டினாள். அதில் இருட்டுப்பள்ளம் இருந்தது. அவர்கள் தோட்டத்தின் கடைசித் தேயிலை மலை முடியும் இடத்தில் பூமி சடக்கென்று பிளந்து கிடக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. அடியில் ஓடும் ஆற்றின் சத்தம் மட்டும் மேலே வரும். பிளவு முடிகிற இடத்தில், வெகு தூரத்தில், வெல்லவாயச் சமவெளி வெயிலில் மஞ்சளாகத் தெரியும்.

ஹுமைத் போனைத் திருப்பித் தர மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயராசா முதலாளி நாடியைச் சொறிந்தார்.

“சரி, கடைக் கெமராவக் கொண்டுபோ. இவரு படத்த ஏத்துக்கிட்டா இனிமே நீயும் வெளிவேலைக்குப் போகலாம். ஏத்துக்கலன்னா மேசைதான். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

அது மழையில்லாத செப்டம்பர். சிவானுஜா போய் எடுத்துவந்தாள், மேசையில் உட்கார்ந்து திருத்தினாள். கடை வழக்கப்படி, திருத்தியதைச் சேமித்துவிட்டு மூலப்படங்களை அழித்தாள். அச்சடித்த மாதிரியை ஹுமைத் வெளிச்சத்தில் பிடித்தார். அதிக நேரம் பார்த்தார்.

“தங்கச்சி, அருவி எங்க?”

“எந்த அருவிங்க?”

“உங்க போன்ல பாத்தேனே, இடப்பக்கப் பாறையில நூல் மாதிரி எறங்குச்சே. அதப் பாக்கத்தானே சனம் வரும்?”

சிவானுஜாவுக்குக் காது சூடாகியது. கோடையில் மெலிந்துபோன அருவி, கறுத்த பாறையில் ஒரு வெள்ளைக் கீறலாகத்தான் இருந்திருக்கும். கன்னத்துத் தழும்பு என்று கை அழித்துவிட்டது. பாறையின் சுருக்கங்களும் போய், மலை பவுடர் போட்டதுபோல் வழவழவென்று நின்றது.

“மலைக்குக் கல்யாணம் பேசியிருக்காளா?” என்று சிரித்தார் ஹுமைத். முதலாளி சிரிக்கவில்லை. “நல்லவேளை, கடை பேரப் போடல” என்றார்.

ஆனால் ஹுமைத் கதவை முழுதாகச் சாத்தவில்லை. டிசம்பர் கடைசியில் நத்தார் விடுமுறைக்கு விடுதி திறக்கிறது, அதற்குள் ஒன்று வந்தால் பார்க்கிறேன், இல்லையென்றால் கொழும்பில் சொல்லிவிடுவேன் என்றார். முதலாளி கெமராவை இன்னொரு தடவை கொடுத்தார். “கீழ விழுந்தா நீயும் கூடவே குதிச்சிடு” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடந்தது. நவம்பர் முடிவில் ஒரு ஞாயிறு விடியலில் வானம் லேசாக வெளுத்ததும், அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டார்கள். பள்ளத்துக்கு மேலே முனியாண்டிக் கல் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் செருப்பு போடுவதில்லை. சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இருவரும் வெறுங்காலோடு ஈரப்பாறையில் இறங்கினார்கள்.

சிவானுஜா இந்த முறை வேறு விதமாக எடுக்க நினைத்திருந்தாள். வானத்துக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, அடி இருட்டுக்கு ஒன்று என்று ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுத்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டும். அதற்குக் கெமரா மயிரளவும் அசையக்கூடாது. கெமராவைத் தாங்கிய முக்காலியோ பாறையில் வழுக்கியது. யசோதினி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை முக்காலியின் கால்களுக்கு அடியில் விரித்து, தானும் குந்தி உட்கார்ந்து, அதன் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு விடாத அக்கா.”

“எவ்வளவு நேரம்டி? நான் செத்துட்டா படத்த யாருக்குக் காட்டுவ?”

“பேசாத, ஆடுது.”

“ஆடுறது நான் இல்ல. தொடையில அட்டை ஏறுது.”

“ஏறட்டும். அது ரெத்தம் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துடுறேன்.”

பனி விலகும்போல் வரும், மறுபடி மூடும். யசோதினிக்குக் கால் மரத்துப்போனது. தங்கை ஒருமுறைகூட அவசரப்பட்டு அழுத்தவில்லை. கீழேயிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ள, இரண்டு பாறைச் சுவர்களும் வெளிப்பட்டன. மழையில் பருத்திருந்த அருவி இறங்கி இருட்டுக்குள் போனது. மூன்று முறை கெமராவின் சத்தம் கேட்டது. அதன்பிறகு மறுபடியும் வெள்ளை.

அடுத்த ஞாயிறு கடை பூட்டியிருந்தது. முதலாளியிடம் சாவி வாங்கி அக்காவும் தங்கையும் உள்ளே உட்கார்ந்தார்கள். மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நின்றன. சிவானுஜாவின் வலது கை உடனே பாறையின் கறுப்புத் தாரைகளைத் தேடிப் போனது. அவள் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னடி செய்யிற?”

“முதல்ல பாக்கணும். பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.”

யசோதினியும் பார்த்தாள். “அந்தக் கறுப்பக் கொஞ்சம் தொடச்சிவிட்டா பளிச்சின்னு இருக்காதா?”

“நீயுமா அக்கா!”

“இல்ல, சும்மா சொன்னேன். அடியிலயாவது கொஞ்சம் வெளிச்சம் போடு. ஒண்ணும் தெரியல.”

சிவானுஜா கையை வெளியே எடுத்து அடி இருட்டைக் கொஞ்சம் வெளுக்க வைத்தாள். ஆற்றுக் கற்கள் தெரிந்தன. கூடவே ஆழம் போய்விட்டது; ஒரு வாய்க்காலைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் மறுபடி இருட்டைத் திருப்பி வைத்தாள். அருவியின் விளிம்பிலும் தூரத்துச் சமவெளியிலும் மட்டும் துளி வெளிச்சம் ஏற்றினாள். பாறையை விட்டுவிட்டாள். கெட்டுப்போன படம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அக்காவுக்கு உள்ளுக்குள் பயம்.  தங்கை மூலப்படங்களை அழிக்காமல் தனியாகச் சேமித்ததையும் யசோதினி கவனித்துக்கொண்டாள்.

முதலாளியும் சிவானுஜாவும் படத்தைப் பெரிதாக அச்சடித்து எல்லக்குக் கொண்டுபோனார்கள். யசோதினியும் அன்று வேலைக்குப் போகாமல் கூடப் போனாள். ஹுமைத் சுவரோரம் சாய்த்து வைத்த படத்தின் அருகே வந்து, விரலை அருவியின் உச்சியில் வைத்தார். அப்படியே கீழே இறக்கினார். இருட்டில் விரல் நின்றது.

“இதுக்குக் கீழ ஒண்ணும் தெரியலயே தங்கச்சி?”

முதலாளி சிவானுஜாவைப் பார்த்தார். மேசை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்கும். ஆனாலும் அவள் மழுப்பவில்லை.

“தெரியாதுங்க. அங்க போயி நின்னாலும் தெரியாது.”

ஹுமைத் இரண்டடி பின்னால் போய் நின்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏணியக் கொண்டாங்கப்பா! மாட்டிருவோம்.”

யசோதினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஜெயராசா முதலாளி கடைப் பேர் போடுகிற வெள்ளைப் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். படத்தின் மூலைவரை கொண்டுபோய், நிறுத்தி, சிவானுஜாவிடம் நீட்டினார்.

“கடைக்குப் பொண்ணு மாப்பிள்ளை போதும். பள்ளம் உன்னோடது. அடுத்த கிழமை பசறையில ஒரு வேலை இருக்கு, கெமராவ நீயே வச்சுக்க.”

எங்கே எழுதுவது என்று அவள் அக்காவைப் பார்த்தாள். “கறுப்புல எழுது, நல்லா தெரியும்” என்றாள் யசோதினி. வலப்பக்கப் பாறையின் அடியில், தமிழில், நிதானமாகச் சிவானுஜா தன் பெயரை எழுதினாள். அன்று 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை.