நாகையாவின் பழுப்பு விமானம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இன்ஜின் டிரைவர் அய்யாவு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பட்டத்தை யாரும் கழற்றவில்லை, கழற்ற அவர் விடவும் இல்லை. அவர் மகன் நாகையா எந்த வீடு என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஓ, அந்த ரயில்வே ஆபிஸ் கிளார்க்கா?" என்பார்கள். நாற்பது வயதில் நாகையா சம்பாதித்த பெயர் அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்த கிளார்க்கைப் பற்றி.

அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டார்கள். பேச்சு மட்டும் நாகையாவின் மனைவி புஷ்பவல்லி வழியாகத்தான் போய் வந்தது.

"புஷ்பா, அவன்கிட்ட சொல்லு, பின்னால பைப்பு ஒழுகுது."

அந்த 'அவன்' எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். "பாத்துக்கறேன்னு சொல்லு புஷ்பா."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் என்ன டெலிபோனா?" என்று புஷ்பவல்லி அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே சொல்லியும் விடுவாள், பாவம்.

இந்த ஊமைச் சண்டை ஐம்பத்தேழில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் தொடங்கியது. அய்யாவு யார் யார் காலையோ பிடித்து, மகனுக்கு இன்ஜினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன் வேலைக்கு ஏற்பாடு செய்தார். பயர்மேனாகப் போனால் பின்னால் டிரைவர் ஆகலாம். குவாட்டர்ஸ் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார். கண் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. ரயில்வே டாக்டரைப் பார்க்கப் போன பையன் திரும்பி வந்து, "எனக்குக் கரி வேல வேணாம்பா. ஆபிஸ்ல கிளார்க்கா போறேன்" என்றான்.

அய்யாவு அடிக்கவில்லை. கரி ஏறிக் கறுத்துப்போன தன் நகங்களை ஒரு தடவை பார்த்தார். "ஓ, தொரைக்குக் கரி அசிங்கமா இருக்கோ?" என்று கேட்டார். மகனிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

நடந்தது வேறு. டாக்டர் ஒரு பெட்டி நிறைய வண்ண வண்ணக் கம்பளி நூலை மேசையில் கொட்டி, பச்சையை மட்டும் பொறுக்கச் சொன்னார். நாகையா பொறுக்கினான். அவன் கையில் வந்ததில் பாதி பழுப்பு. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று அதுவரை நினைத்திருந்தவனுக்கு அப்போதுதான் தெரிந்தது, தன் கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்று என்று. சிக்னல் பார்க்க வேண்டிய வேலைக்கு அந்தக் கண்ணை யார் எடுப்பார்கள்?

தண்டவாள ஓரமாக நடந்து வந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டான். மகன் கண் இப்படியென்றால் அப்பன் கண் எப்படி என்று கேட்பார்களே! அப்பாவையும் கூப்பிட்டுச் சோதித்து, இன்ஜினிலிருந்து இறக்கிவிட்டால்? சுத்தப் பைத்தியக்காரத்தனம். அய்யாவு அதே கம்பளி நூலைப் பல தடவை பொறுக்கித் தேறியவர். ஆனால் பயந்த பிள்ளைக்கு அதெல்லாம் தோன்றுமா? பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பொய் சொல்லிவிட்டான். அய்யாவு ஆபிஸில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ரோஷக்காரர், விசாரிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் மௌனம் கெட்டிப்பட்டுவிட்டது. எந்த முகத்தோடு போய் ஆரம்பிப்பது?

புஷ்பவல்லிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் தீபாவளிக்குப் 'பச்சை'ப் பட்டு என்று ஆசையாக ஒரு பழுப்புப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தானே! யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் சட்டையை அவள்தான் எடுத்து வைக்கிறாள்.

மகனிடம் பேசாத அய்யாவு ஊராரிடம் நன்றாகப் பேசுவார். அவருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, இன்ஜினில் சிக்னலைக் கண்டதும் ஒருவர் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தது உறுதியாகும். ஓய்வுக்குப் பிறகும் பஸ்ஸில் போகும்போது சாலை விளக்கைப் பார்த்து "கிரீன்!" என்று குரல் கொடுப்பார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள்.

இன்னொன்று, விமானக் கதை. ஜப்பான்காரன் வந்த அந்த டிசம்பரில் அவர் இளம் பயர்மேன். ரயில் சுங்கை பீசி விமானத் திடல் பக்கத்தில் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பஃபலோ என்கிற சண்டை விமானம் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. "மொட்ட மூக்கு, வண்டாட்டம் இருக்கும்லா. மேல பச்சையும் பழுப்புமா திட்டுத் திட்டா பெயிண்டு. உள்ள இருந்த வெள்ளக்காரப் பையன் என்னப் பாத்துக் கைய ஆட்டுனான். கரி அள்ளுறவனப் பாத்துக் கைய ஆட்டுனான்யா!" அந்தக் கடைசி வரி யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று அடுத்த அறையில் இருந்த நாகையாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

எழுபத்தெட்டில் ஒருநாள் பத்து ரோடு என்ற கடைத்தெருவில், விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் அந்த மொட்டை மூக்கை நாகையா ஒரு பெட்டிமேல் பார்த்தான். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் பஃபலோ. அங்கேயே முடிவு செய்துவிட்டான். இதைக் கட்டி, பெயிண்ட் அடித்து, அப்பாவின் ரேடியோ பக்கத்தில் வைக்க வேண்டும். கரியை நான் கேவலமாக நினைக்கவில்லை என்று வாயால் சொல்ல வராததை இதுவாவது சொல்லட்டும். அப்பா ஒரு வார்த்தை பேசினால் போதும்.

சாப்பாட்டு மேசை பட்டறையாக மாறியது. பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைப் பிளேடால் நறுக்கினான், உப்புத்தாளால் தேய்த்தான், உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினான். பசை நாற்றம் குழம்பு வாசத்தை அமுக்கிவிட்டது. அய்யாவுக்கு அந்த நாட்களில் அடிக்கடி தண்ணீர் தாகம் எடுத்தது, மேசையைத் தாண்டித்தான் பானைக்குப் போக வேண்டும்.

"புஷ்பா, சக்கரம் உள்ள மடங்கணும். அவன் வெளிய வச்சு ஒட்டறான்."

"தரையில நிக்கறப்ப வெளியதான் இருக்கும்னு சொல்லு புஷ்பா."

பெயிண்ட் நேரம் வந்தது. "மத்ததெல்லாம் நீங்க செஞ்சீங்க, இத நான் அடிச்சுத் தரேங்க" என்றாள் புஷ்பவல்லி. கேட்கவில்லை. இதைத் தன் கையால் செய்தால்தான் மனசு ஆறும் அவனுக்கு. டின் மூடிகளில் பெயர் ஒட்டியிருந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாதா என்ன? முதலில் மேல்பக்கம் முழுக்கப் பழுப்பு அடித்துக் காயவைத்தான். படத்தைப் பார்த்துப் பச்சைத் திட்டுகளுக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான்.

ஞாயிறு காலை புஷ்பவல்லி கோயிலுக்குப் போனாள். நாகையா இரண்டு டின்னையும் திறந்து கலக்கி, பழுப்பில் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் "அண்ணே, கேஸ்!" என்று குரல் வந்தது. சிலிண்டரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, பழுப்பு டின் என்று நினைத்து ஒன்றை மூடினான். பழுப்பு மூடி பச்சை டின்னில் போய் உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு எப்படித் தெரியும்? பச்சை என்று நம்பிப் பழுப்பின்மேல் பழுப்பையே அடித்தான், கோட்டைத் துளியும் தாண்டாமல். ஈரமாக இருக்கும்வரை திட்டுகள் பளபளவென்று தனியாகத் தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை.

மத்தியானம் விமானத்தைக் கொண்டுபோய் ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் நிற்கவும் தைரியமில்லாமல் கதவோரம் நின்றான். அய்யாவு எடுத்தார். மூக்கைத் தடவினார். முகம் மலர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மலர்ந்த முகம் சுருங்கியது.

"புஷ்பா, பச்சை எங்கன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். புஷ்பா இன்னும் கோயிலிலிருந்து திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் மகனைப் பார்த்தார். "பச்சை எங்கடா?"

"அடிச்சிருக்கேனேப்பா. கோட்டுக்குள்ள எல்லாம் பச்சைதான்."

கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தார். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. மேசையிலிருந்த டின்களைக் கொண்டுவந்தார். மூடிகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லு. பச்சை எது?"

நாகையா குனிந்து பார்த்தான். மறுபடியும் டாக்டரின் மேசை முன்னால் நிற்பது போல் இருந்தது. அவன் விரல் ஒரு டின்னுக்கும் மற்ற டின்னுக்குமாக அலைந்தது.

அய்யாவு அந்த விரலையே பார்த்தார். "ஒன் தாய்மாமன் தம்புசாமி இப்படித்தான்டா. செடியில பழுத்த மிளகாய மட்டும் பறின்னா, பச்சையெல்லாம் பறிச்சுட்டு வந்து நிப்பான்." சட்டென்று மகனை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு அந்த டாக்டரு..."

"பெயில் போட்டுட்டாருப்பா."

"கரி புடிக்கலன்னு சொன்னியேடா!"

"ஒங்க கண்ணையும் சோதிப்பாங்களோன்னு பயந்துட்டேம்பா. ஒங்கள இன்ஜின்லருந்து எறக்கிட்டா, நீங்க தாங்க மாட்டீங்க."

அய்யாவு நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். "இந்தக் கையப் பாத்தா ஒனக்கு அருவருப்புன்னு நெனச்சுக்கிட்டே இத்தன வருஷம் சோறு தின்னேன்டா" என்றார். மேலே பேச முடியாமல் அழுதார். நாகையா தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவனும்தான் அழுதான்.

கொஞ்சம் ஆறியதும் அய்யாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரஷ்ஷ எடு. பொழுது போகுது" என்றார். ஒரு டின்னை எடுத்து மகன் பக்கம் நீட்டினார். பஸ்ஸில் கொடுப்பாரே, அதே குரல்.

"கிரீன்!"

நாகையா டின்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

"கிரீன்!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பிரஷ்ஷைத் தோய்த்தான்.