என் மகளை எனக்கே தராத ஆசிரியை

கட்டணமில்லாத ஊர் முன்பள்ளியில் பிள்ளைகளை என்ன கவனிப்பார்கள் என்று நினைத்து, மூன்று வயது மகளைக் கற்பிட்டியிலுள்ள தனியார் பள்ளிக்கு மாற்றவிருந்தேன். ஒரு மாதம் ஆழ்கடலில் மீன்பிடித்துத் திரும்பிய அன்று, அவளைக் கூட்டிவர முதல்முறையாக அந்த ஊர் முன்பள்ளிக்குப் போனேன். தாடி மண்டிய என்னைக் கண்டதும் மகள் பயந்து ஆசிரியையின் பின்னால் ஒளிந்தாள்.

“நான்தான் இவட வாப்பா!” என்றேன்.

“இருக்கலாம் நானா. பிள்ளைட உம்மா வந்து சொல்லட்டும், தாறேன்,” என்றார் ஆசிரியை, அண்ணன் முறை வைத்து.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சத்தம்போட்டும் அவர் அசையவில்லை. பிள்ளையின் கையையும் விடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு மனைவி ஓடிவந்து, “ஓம் டீச்சர், இவர்தான்,” என்று சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேறு எவன் வந்திருந்தாலும் என் பிள்ளை பத்திரம்! சந்தோஷத்தில் என் கண் கலங்கிவிட்டது.

பள்ளியை மாற்றவில்லை. கரையில் நிற்கும் நாளெல்லாம் இப்போது நானே அவளைக் கொண்டுபோய் விடுகிறேன்.