அத்தான் மேற்கே பார்த்துக் கிடக்கிறார்

கல்லறையில் சிலுவை நட வந்த கொத்தனார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“தலைமாடு எந்தப் பக்கமாக்கும்?”

அதோடு தொலைந்தது என் அக்காவின் நிம்மதி. அக்காவின் நிம்மதி போனால் என்னுடையது மட்டும் மிஞ்சுமா? சாதாரண நாளிலேயே என் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் முழுக்க நடந்துகொண்டே இருந்தேன். இதைக்கூட ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா ஞானப்பூ வாழ்க்கைப்பட்டது இராஜாக்கமங்கலம் பக்கம். அத்தான் மாசிலாமணி அங்கே அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டினவர். காலமெல்லாம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றதில் காது இரண்டும் போய்விட்டது. பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டார். எதைச் சொல்வதானாலும் அக்கா சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு முன்னால் நிற்பாள். உதடு அசைவதைப் பார்த்தே அவர் புரிந்துகொள்வார். குழம்புக்குப் புளி வாங்குவதிலிருந்து சொந்தக்காரர் சண்டை வரைக்கும் எல்லாப் பேச்சும் அப்படித்தான் நடந்தது.

போன ஐப்பசி மழையில் அத்தான் இறந்தார்.

எங்கள் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலை மேற்கே, கால் கிழக்கே இருக்கும்படிதான் அடக்கம் செய்வோம். உயிர்த்தெழுதலின் நாளில் எக்காளம் முழங்கும். மரித்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்ததும் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டாமா... அதற்காக. வேதத்தில் இப்படி ஒரு கட்டளை இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் இருக்கிறது.

அக்கா ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வாசல் மேற்கே. பெட்டியைக் கால் முன்னால் வரும்படி தூக்கிக்கொண்டு நுழைந்து, அப்படியே குழிக்குள் இறக்கினால் கால் தானாகக் கிழக்கே அமைந்துவிடும். யாரும் திசை பார்ப்பதில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

கொத்தனார் கேட்டதும் பொன்னையா பதில் சொல்ல ஆரம்பித்தார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். பெட்டி தூக்கினவர்களில் ஒருவர்.

“தலை மேக்கதான். அல்லாம எங்க? அண்ணைக்கு வாசல் பக்கம் முட்டளவு வெள்ளமாக்கும். அதனால கிழக்க மதில் இடிஞ்ச வழியாட்டுக் கொண்டு வந்தோம். காலு முன்னால. வந்த வாக்குல அப்படியே எறக்கி...”

அங்கே நிறுத்திவிட்டார். கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

 அக்காதான் கேட்டாள்.

“அப்பம் அவிய மேக்க பாத்தாக்கும் எழும்புவாவ?”

மேற்கே என்ன இருக்கிறது? வாசலைத் தாண்டி ஒரு வயல், அதைத் தாண்டி... அதே அரிசி மில்.

இப்போது புரிகிறதா அக்காவின் கவலை? அத்தான் எழுந்து உட்காருவார். கண்ணுக்கு நேரே மில் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஆண்டவர் வந்து நிற்பார். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

“நேரா எஞ்சின் ரூமுக்குப் போயிருவாவ, மக்கா” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. எனக்கு வந்த சிரிப்பையும் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

சோறு இறங்கவில்லை அவளுக்கு. உச்சி வெயிலில் கல்லறைக்குப் போய் நிற்கிறாள். பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். “நீ பேப்பர்ல எழுதுகவன்லா. ஒனக்க சொல்லு கேப்பாவ. போய்ப் பேசு” என்று என்னை விரட்டினாள்.

போனேன். போதகர் வீட்டுக்கு, அங்கிருந்து சபைக் கமிட்டி செக்ரட்டரி கடைக்கு, திரும்பப் போதகர் வீட்டுக்கு... சைக்கிள் செயின் அறுந்ததுதான் மிச்சம்.

செக்ரட்டரி பலசரக்குக் கடைக்காரர். தோண்டக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டார். “நம்ம நாடு திருவிதாங்கூரோட கெடக்கணுமா, மெட்ராசோட சேரணுமான்னு இன்னும் தீரல்ல. மனுசன் அதுக்காக நாயா அலையுகான். இதுல ஒங்க அத்தானுக்குத் தெச பாக்க எனக்கு நேரம் இல்ல கேட்டியளா.”

போதகர், ஊர் வழக்கில் ஐயர், சாதுவானவர். நேரே அக்காவிடம் வந்தார். “உயிர்த்தெழும்போது எல்லாக் குறையும் நீங்கிவிடும் அம்மா. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். எக்காளச் சத்தம் கேட்டுத் திரும்பிவிடுவார்” என்றார்.

அக்கா யோசித்தாள். “காது வரும் ஐயரே. பழக்கம் போவுமா? சத்தம் கேட்டா திரும்பணும்னு அவியளுக்குத் தோணாதே.”

போதகர் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

கடைசியில் நானே வாதாடிப் பார்த்தேன். கடலில் போனவர்களுக்கு எது கிழக்கு, எது மேற்கு? நம் கரையிலேயே எத்தனை பேர் வள்ளத்தோடு போயிருக்கிறார்கள்?

“கடல்ல போனவனுக்குக் காது கேக்கும்லா” என்று முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அத்தான் எழுந்து வருவாரா, மாட்டாரா என்பது அக்காவுக்கு ஒரு கேள்வியே இல்லை. எழுந்து எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதுதான் கேள்வி. எனக்கு? கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து, மரித்தோர் எழுவார்கள் என்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறேன். வாரா வாரம் உங்களுக்குப் புத்தியும் சொல்கிறேன். ஆனால் திசையைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நான் எதையாவது நம்பியிருக்கிறேனா? உண்மையைச் சொல்கிறேன்... எனக்கு அக்கா மேல் பொறாமையாக இருந்தது.

ஈஸ்டர் அன்று விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி, அரளிப்பூ. அத்தான் கல்லறையில் மட்டும் சிலுவை இல்லை. கொத்தனார் செய்து வைத்த சிலுவை மதிலோரம் சாய்ந்து கிடந்தது. எந்தப் பக்கம் நடுவது என்று அக்கா இன்னும் சொல்லவில்லையே.

போதகர் எங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது போல ஒரு கதையைப் பிரசங்கித்தார். கல்லறையைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பெண்ணின் கதை. ஆண்டவர் அவளுக்குப் பின்னால் நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். சொல்லிவிட்டு நம்பிக்கையோடு அக்காவைப் பார்த்தார்.

“அவ திரும்பினா. அவளுக்குக் கேட்டு” என்று என் காதில் முணுமுணுத்தாள் அக்கா.

நான் கைவிட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்தது. கூட்டம் கைகுலுக்கிக்கொண்டிருந்தது. அக்காவைக் காணோம். தேடினால், அத்தான் கல்லறைக்குப் பக்கத்தில், அவர் கால்மாட்டுக்கு நேராக, வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் கிழக்கே. சூரியன் அப்போதுதான் தென்னைகளுக்கு மேல் வந்திருந்தது. வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில்.

“லேய், இஞ்ச வா” என்றாள். “என்னெ இஞ்ச வச்சா தலை மேக்க, காலு கிழக்க. செரியா?”

“சரி.”

“நான் எழும்பி இருந்தா கிழக்க பாப்பேன். அவிய அந்தத் தலையில எழும்பி மேக்க பாப்பாவ. அப்பம் அவிய யாரைப் பாப்பாவ?”

நான் அத்தான் கல்லறையின் கிழக்கு முனையைப் பார்த்தேன்.

“என்னெப் பாப்பாவ, மக்கா. மில்லு எனக்க முதுகுக்குப் பொறவு. மறைஞ்சு போவும். நான் சொல்லுவேன்... ஆண்டவரு வந்தாச்சு, திரும்புங்கன்னு. வாயைப் பாத்தே புரிஞ்சிரும். எப்பமும் அப்படித்தானே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.  நான் ஒரு குதர்க்கம் பேசினேன். “ஆண்டவர் அதுவரைக்கும் காத்து நிற்பாரா அக்கா?”

“நிப்பாரு. நாங்க பாத்து எத்தன நாளாச்சுன்னு அவருக்குத் தெரியாதா?”

அன்றைக்கே அந்தப் பக்கத்து இடத்தைக் கமிட்டியிடம் கேட்டு வாங்கினாள். செக்ரட்டரி மறுபேச்சு பேசவில்லை. தோண்டாமல் தப்பினோமே என்ற சந்தோஷம். கொத்தனார் சிலுவையைக் கிழக்கே நட்டார். தோட்டத்தில் அது ஒன்றுதான் தனியாக, எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அக்கா பொன்னையாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: “என்னெ வாசல் வழியாட்டுதான் கொண்டு வரணும். வெள்ளமானாலும் நீந்தி வாங்க. மாத்தி வச்சிராதீங்க.”

தன் அடக்கத்தைப் பற்றி, கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடச் சொல்கிற மாதிரி ஒருத்தி பேசி நான் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் லேசாக நம்பிக்கை வந்திருக்கிறது. லேசாகத்தான்... ஆனால் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனா?

“என்னை எந்தத் திசையில் வைப்பதாக உத்தேசம்?”

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “தெச எதுவானாலும் செரி. எக்காளம் ஊதுகது வரைக்கும் நீங்க ஒரு எடத்துல கெடப்பியளா?”