மழை ரீலில் எழுந்து ஓடியவர்கள்

சிக்கல் ஊரிலிருந்து போன் வந்தபோது நான் சென்னையில் ஒரு டப்பிங் கூடத்தில் இருந்தேன். செல்போனை அணைத்து வைக்கவேண்டிய இடம் அது. நான் அணைப்பதில்லை. எந்த நேரத்தில் என்ன செய்தி வருமோ என்று பயந்தே பழகியவன் நான். பேசியது இருளப்பண்ணனின் மகன். "சித்தப்பா, அய்யா காலையில தவறிட்டாக" என்றான். அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அழுகை வந்திருக்கவேண்டும். வந்ததோ 'ஐயோ, இனிமேல் எப்படிச் சொல்வது' என்ற பதற்றம். இருபது வருடங்களுக்கும் மேலாக அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை, அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைக் கல்யாண வீடியோ எடுப்பவராகத் தெரிந்திருக்கும். ராமநாதபுரம் பக்கத்து மண்டபங்களில் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களையே எடுத்துக்கொண்டிருப்பார். இன்னும் சிலருக்கு அவர் 'விண்வெளி வேலுச்சாமி' படத்தின் இயக்குநர். எண்பதுகளில் வந்த, அவருடைய ஒரே படம். அதில் நான் ஒலிப்பதிவு உதவியாளன். என் சொந்த ஊர் தொண்டி என்பதால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏலே தொண்டி" என்பார்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு கிரகத்து ஆள் ஒருவன் வழிதவறி, வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் தன் கலத்தோடு இறங்கிவிடுகிறான். வறட்சியைப் பார்வையிட வந்த அதிகாரி என்று நினைத்து ஊரே அவனுக்கு மாலை போட்டு மனுக் கொடுக்கிறது. அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அதிகாரிகள் பேச்சு என்றைக்குப் புரிந்தது என்று யாரும் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. கடைசியில் அவன் கையிலிருக்கும் பெட்டியைத் திறக்கிறான், மழை கொட்டுகிறது. கிளம்பும் நேரத்தில் தலையாரி அவனையும் ஏதோ ஒரு பதிவேட்டில் சேர்த்து, வேலுச்சாமி என்று பெயர் எழுதிவிடுகிறார்.

அவருடைய ஊரான சிக்கலுக்கு வெளியே நிஜக் கண்மாயில்தான் படப்பிடிப்பு. ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்து, வெள்ளிக் காகித உடை போட்டிருந்த நடிகரின் கையில் நிஜ மனு ஒன்றைக் கொடுத்தார். மடை உடைந்து கிடப்பதைப் பற்றிய மனு. எல்லோரும் சிரித்தோம். இருளப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மனுவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் படப்பிடிப்பை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு ராமநாதபுரம் போய், உரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கோ வெளிச்சம் போகிறதே என்று ஒரே தவிப்பு. "நடிப்புன்னு தெரிஞ்சேதாம்ல குடுத்தாரு. அப்ப, குடுக்க வேண்டிய எடத்துல வாங்க ஆளில்லேன்னுதான அர்த்தம்" என்றார்.

மழைச் சத்தத்தைப் பதிவு செய்தது நான். ஐப்பசியில் தொண்டிக்குப் போய், எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையின் கீழ் மூன்று நாள் காத்திருந்து பிடித்த மழை. முதல் பத்துச் சொட்டுகள் தனித்தனியாகக் கேட்கும். பிறகு கூரை முழுக்க ஒரே இரைச்சல். எனக்கு அதில் தலைகால் புரியாத கர்வம். இருளப்பண்ணன் கேட்டுவிட்டு, "நல்ல மழைதான். ஆனா அடக்கி வைய்யி. சிரிப்புக்கு எடம் விடணும்" என்றார். ஒலிக்கலவையின்போது அடக்கித்தான் வைத்தேன். மனதுக்குள் மட்டும் பொருமிக்கொண்டிருந்தேன்.

சென்னையில் படம் வெளியானபோது கொட்டகைக்குள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "சிரிக்கிறவன எண்ணாத, சிரிக்காதவன எண்ணு" என்பது அவர் பழக்கம். எண்ண எண்ண அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. ஆட்களுக்குப் படம் பிடிக்காமல் இல்லை. சிரிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாசலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வறட்சியை உருக்கமாகக் காட்டியிருக்கிறீர்கள்" என்றார். இருளப்பண்ணன் என் காதில், "காமெடி எடுத்தவன்ட்ட துட்டி கேக்குறாருலே" என்றார். சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. படம் பத்து நாளில் பெட்டிக்குள் போனது.

மிச்சமிருந்தது தெற்கு. மதுரை விநியோகஸ்தர் ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சிக்கலில் படம் எடுபட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கப் போடுவது, அடுத்த படத்தையும் அவரே பணம் போட்டு எடுப்பது. அடுத்த படத்தின் கதை தயாராக இருந்தது. வேறு கிரகத்துக் கணவனும் மனைவியும் பாவம் தொலைக்க ராமேஸ்வரம் வந்து தீர்த்தமாட வரிசையில் நிற்கிறார்கள். சங்கல்பம் செய்ய நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்க, இருவரும் வானத்தைக் காட்டுகிறார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் இருளப்பண்ணன் தானே முதலில் சிரித்துவிடுவார். அந்தப் படத்தில் என்னைத்தான் தலைமை ஒலிப்பதிவாளனாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

மாசி மாதம், சனிக்கிழமை பகல் ஆட்டம். காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. தகரக் கூரை போட்ட கொட்டகை. கதவுகளைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே பகலா இரவா என்று தெரியாது. மதுரை விநியோகஸ்தரின் மேலாளர் ஒரு சின்ன நோட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருளப்பண்ணன் பக்கவாட்டுக் கதவருகே திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் ஆபரேட்டர் அறையில், சின்னத் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை வரை சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மனுக் கொடுக்கும் காட்சியில் ஒருவர் நாற்காலியிலிருந்து கீழேயே சரிந்துவிட்டார்.

மழை ரீல் வந்தது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டரில் ரீல் மாட்டிக்கொண்டிருந்த சமயம், வால்யூமைத் திருகிக் கடைசி வரைக்கும் ஏற்றினேன். என் மழையை ஊரே கேட்கட்டும் என்ற ஆசை. சொட்டுகள் விழுந்தன. பிறகு தகரக் கூரையே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அடுத்த நொடி பத்துப் பேர், பிறகு பாதிக் கொட்டகை. கதவுகள் திறந்து திரை வெளுத்துப்போனது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். சத்தம் தாங்காமல்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்து வால்யூமை இறக்கினேன். பக்கவாட்டுக் கதவைப் பார்த்தேன். இருளப்பண்ணனைக் காணவில்லை. மேலாளர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

"என்னங்க இது?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

அவர் பதறவே இல்லை. "மிளகா காயப் போட்டிருக்காகள்ல. நனைஞ்சா சோடையாப் போயிரும். பாத்துட்டு வந்துருவாக" என்றார்.

நான் கடற்கரைக்காரன். களத்தில் குண்டு மிளகாய் காயும் மாதத்தில் மழைச் சத்தம் கேட்டால் இந்த ஊருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கீழே இறங்கி ஓடினேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். முப்பது அடி தூரம்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சத்தம் ஏன் அவ்வளவு என்று அவர் கேட்பார், இருளப்பண்ணனிடம் சொல்வார், தலைமை ஒலிப்பதிவாளன் வேலை போய்விடும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். பஸ் வந்தது. அவர் ஏறிவிட்டார்.

கால் மணி நேரத்தில் ஊர் திரும்பி வந்தது. ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "யோவ் ஆபரேட்டரு, மழையிலேர்ந்து திரும்பப் போடு" என்று ஒரே கூச்சல். போட்டார். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. மறுநாள் முதல், மிளகாயைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் படத்துக்கு வந்தார்கள். சுற்றுப்பட்டிகளிலிருந்தெல்லாம் ஓடிப் பார்க்கவென்றே வந்தார்கள். ஆனால் மதுரைக்குப் போனது வேறு செய்தி. சொந்த ஊரிலேயே பாதிக் கொட்டகை எழுந்து போய்விட்டது என்று மேலாளர் சொல்லிவிட்டார். பிறகு இருளப்பண்ணன் நேரில் போய் விளக்கியும் விநியோகஸ்தர் நம்பவில்லை. மற்ற ஊர்களில் படம் போடப்படவே இல்லை. தீர்த்தமாட வந்தவர்கள் வரிசையிலேயே நின்றுவிட்டார்கள்.

அன்று படம் முடியும் நேரத்தில்தான் இருளப்பண்ணன் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. தாங்கமுடியாமல் எங்கேயோ போய் அழுதுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். "போயிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். "போயிட்டாரு" என்றேன். "சரி" என்றார். அதன்பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். அவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், நான் யார் யாருடைய படங்களுக்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் 'அண்ணே, அன்னைக்கு' என்று ஆரம்பிப்பேன். அவர் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் புண்ணைத் தொடவேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள், அவர் வீட்டில் மதினியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வால்யூம், டீக்கடை, பஸ், எல்லாம். "எம் பயத்தாலதான் மதினி அண்ணனோட அடுத்த படம் போச்சு" என்றேன். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்தத் துக்க வீட்டில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவுகளுந்தான தம்பி ஓடியாந்தாக" என்றார்.

"யாரு?"

"ஒங்க அண்ணந்தான். கொட்டகைக்குப் பின்னால சந்து வழியா வந்தா நம்ம களம். எல்லாருக்கும் முன்னால இவுகதான் ஓடியாந்தாக. வந்த வேகத்துல மிளகாய அள்ள ஆரம்பிச்சுட்டாக. அந்தக் கையோட கண்ணத் தொடச்சு, கண்ணெல்லாம் எரிச்சலு. 'எங்கங்க மழை? ஓடுறது ஒங்க படந்தான?'ன்னு கேட்டேன். அப்பத்தான் நிமுந்து பாக்குறாக."

மதினி தொடர்ந்தார். "'படம் எடுத்தவனே எந்திரிச்சு ஓடுனா எப்படி வெளிய சொல்றது'ம்பாக. 'நான் நின்ன எடத்துலயே நின்னுருந்தா அந்த மதுரைக்காரர்ட்ட நாலு வார்த்த சொல்லியிருப்பேன், அந்தத் தொண்டிப் பயலுக்கு வர வேண்டிய வேலையக் கெடுத்துப்புட்டேன்'னு கடைசி வரைக்கும் வருத்தம். நீங்க வந்துட்டுப் போனா அன்னைக்குச் சோறு எறங்காது அவுகளுக்கு."

இரண்டு பேரும் இருபத்துச் சொச்சம் வருடங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டே டீ குடித்திருக்கிறோம்.

எழுந்துகொள்ளும்போது கேட்டேன். "நிமிந்து பாத்துட்டு என்ன மதினி சொன்னாக?"

"வானத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. அப்புறம், 'அந்தத் தொண்டிப் பய மழைய நல்லாத்தான் புடிச்சிருக்கான் புள்ள'ன்னாக."

என் வேலையைப் பற்றி 'ஆனா' சேர்க்காமல் அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வார்த்தையைத்தான். பதிலுக்கு நான் சொல்லவேண்டியது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது: வால்யூமை ஏற்றியது நான்தான் அண்ணே, நீங்கள் ஓடியதில் தப்பில்லை.