நுண்ணோக்கி ஆடிய மாதம்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் சுத்தியலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்தது என்னவோ துணி மடிக்கிற வேலைக்கு. துவைக்கும் மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அழுக்குத் துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிடும். பொறுக்க முடியாமல் ஒருநாள் சுத்தியலும் ஸ்பானருமாக அவளே இறங்கிவிட்டாள். பதினோரு வருஷத்தில் மெக்கானிக்குக்கு அந்தப் பக்கம் வழியே மறந்துபோனது.

வம்பு கீழே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கிளம்பியது. துவைக்கும் அறைக்கு நேர் கீழே தியேட்டர். ஆபரேஷனின்போது டாக்டர் பார்க்கிற நுண்ணோக்கி, கூரையிலிருந்து நீளமான இரும்புக் கையில் தொங்கும். ஒரு காலை, டாக்டரம்மா நோயாளியின் கண்ணிலிருந்து கத்தியைச் சட்டென்று விலக்கிக்கொண்டு கத்தினார்.

"மேல மெஷினை நிறுத்தச் சொல்லுங்க! எனக்குக் கண்ணே தெரியல, எல்லாம் ரெண்டு ரெண்டா ஆடுது!"

கண் டாக்டர் வாயிலிருந்தே இப்படி வந்ததும் நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளும் அதே கதை. மானேஜர் மெஷினுக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். கடைசியில் துணியை வெளியே கொடுத்துத் துவைப்பது என்று முடிவானது. சுத்தியலக்கா, மடிக்கிற பெண்கள் இரண்டு பேர், இஸ்திரி போடும் அண்ணன், நாலு பேருக்கும் மாசக் கடைசி வரைதான் வேலை.

"இந்த மெஷினை மாத்தி நாலு வருஷம் ஆச்சு, இதே இடம்தான்," என்று இஸ்திரி அண்ணன் புலம்பினார். "அப்பல்லாம் ஆடாதது இப்ப மட்டும் எப்படிம்மா ஆடும்?"

அவள் மனசையும் அதுதான் குடைந்துகொண்டிருந்தது. நேராக நர்ஸிடம் போனாள்.

"கீழ போன மாசம் ஏதாவது புதுசா வந்துச்சா?"

"நுண்ணோக்கி தலையில கேமரா மாட்டினாங்கக்கா. பயிற்சி டாக்டருங்க டிவில பாக்கறதுக்கு. ரெண்டு கிலோ இருக்கும்."

தியேட்டரில் அந்த நுண்ணோக்கியைச் சோதித்துப் பார்க்க விடும்படி சுத்தியலக்கா மானேஜரை விடாமல் நச்சரித்தாள். "ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம். ஏதாவது உடைஞ்சா உங்களை யாருன்னே எனக்குத் தெரியாது" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை டாக்டரம்மாவும் வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. சுத்தியலக்கா நுண்ணோக்கியின் தலையோரம் ஒரு பென்சிலைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அதன் முனை தொடும்படி ஒரு பலகை. பலகைமேல் நீளக் காகிதச் சுருள். காகிதத்தை இழுக்க நர்ஸ்.

"டாக்டரம்மா, வாட்ச்சைப் பாத்து ரெண்டு செகண்டு சொல்றீங்களா?"

டாக்டரம்மா வேண்டாவெறுப்பாக மணிக்கட்டைத் தூக்கினார். சுத்தியலக்கா இரும்புக் கையை ஒரு விரற்கடை பக்கவாட்டில் இழுத்து விட்டாள். நர்ஸ் காகிதத்தை இழுத்தாள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பென்சில் வழவழப்பான அலைகளைப் போட்டுக்கொண்டே போனது. எண்ணிப் பார்த்தால் இருபது.

"போகப் போக அலை சின்னதாயிடுச்சே," என்றார் மானேஜர்.

"உயரம்தான் குறையுது சார். ஒரு தடவை ஆடி வர்ற நேரம் மாறல. பெருசா இழுத்து விட்டாலும் லேசா தட்டி விட்டாலும் இது செகண்டுக்குப் பத்து தடவைதான் ஆடும். இதோட இயல்பு அது."

கேமராவைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்து விட்டாள். இந்தத் தடவை இருபத்தைந்து.

"பாரம் ஏறினா நிதானமா ஆடும், இறங்கினா வேகமா ஆடும். மேல என் மெஷின் பிழியறப்ப நிமிஷத்துக்கு அறுநூறு சுத்து. செகண்டுக்கு எத்தனை?"

"பத்து," என்றார் டாக்டரம்மா. கட்டிய கைகள் அவிழ்ந்திருந்தன.

"சேத்துல மாட்டின பஸ்ஸை எப்படித் தள்ளுவோம்? அது முன்னால வர்ற நேரம் பாத்துத் தள்ளுவோம். கொஞ்சம் கொஞ்சமா ஆட்டம் கூடும். மெஷினும் அதையேதான் செய்யுது. செகண்டுக்குப் பத்து தடவை லேசாத் தள்ளுது, கையும் சரியா பத்து தடவை ஆடுது. கேமரா வரும்வரைக்கும் ரெண்டும் ஒத்துப்போகல, பிரச்சினையும் இல்ல."

சொன்னால் போதுமா? காட்ட வேண்டாமா? கேமராவை மாட்டிவிட்டு, மேலே இஸ்திரி அண்ணனை மெஷின் போடச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணை வைத்துப் பார்த்து, "ஆடுது" என்றார். வேகத்தை நானூற்று எண்பதுக்குக் குறைக்கச் சொன்னாள். டாக்டரம்மா வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"அசையல," என்றார் கடைசியில். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"டிப்ளமோ, பாதியில நின்னுட்டேன். இந்த அதிர்வுப் பாடத்துலதான் ரெண்டு தடவை கோட்டை விட்டேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மானேஜருக்கும் சிரிக்க அனுமதி கிடைத்தது.

வெளியே துவைக்கும் பேச்சு அதோடு நின்றது. வேகம் குறைந்ததால் துணி ஈரமாகவே வந்து, இஸ்திரி அண்ணன் மூன்று வாரம் முணுமுணுத்தார். அப்புறம் நுண்ணோக்கிக் கம்பெனி ஆள் வந்து, சுத்தியலக்கா கேட்டபடி, இரும்புக் கைக்குக் குறுக்கே ஒரு முட்டுக்கம்பி போட்டான். கை விறைப்பானதும் காகிதத்தில் இருபத்தெட்டு அலை விழுந்தது. மெஷின் பழையபடி அறுநூறில் ஓடியது.

அன்று வீட்டில் அவள் எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏய், என் பஸ்ல நாப்பதுல போனா பக்கக் கண்ணாடி கடகடன்னு ஆடும். அம்பதுல அடங்கிடும். அதுவும் இதுதானா?"

"அதேதாங்க."

"இது தெரியாம பதினெட்டு வருஷமா ஒர்க்‌ஷாப்காரனைத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"கண்ணாடித் தண்டைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொல்லுங்க. விறைப்பா நிக்கும்."

மறுவாரமே குட்டையாக்கிவிட்டார். கண்ணாடி இப்போது நாற்பதில் ஆடுவதில்லை. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கத்தான் அவர் கொக்கு மாதிரி கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது.