கொலுவில் தோவாதீரியம்

ஏழு வயதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தியே தீருவேன். சிட்னி ஹாரிஸ் பார்க்கில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதற்குத் தப்பியதில்லை.

அந்த வருஷம் பள்ளியில், அழிந்துபோன விலங்கு ஒன்றை ஆளுக்கொன்றாகக் களிமண்ணில் செய்யச் சொன்னார்கள். டைனோசர்களைப் பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தது தோவாதீரியம். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவில் ஓடித் திரிந்த, ஆட்டுக்குட்டி மாதிரி சின்ன விலங்கு. காலுக்கு ஒரே குளம்பு. பார்த்தால் குட்டிக் குதிரைதான், ஆனால் குதிரையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாரிசு வைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

நவராத்திரி வந்ததும் அழுது புரண்டு அதைக் கொலுவின் கீழ்ப்படியில் வைத்தேன். சுண்டல் வாங்க வந்த ஆன்ட்டிகள் எல்லோரும் குதிரை அழகாக இருக்கிறதே என்றார்கள். ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றேன். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"குதிரைன்னே சொல்லிட்டுப் போகட்டும், விடேன். என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்கு அழுகை முட்டியது. உலகத்தில் அதன் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதானே இருந்தேன்!

திரும்பி வந்தபோது, ஓர் ஆன்ட்டி புதிதாக வந்த இன்னொருவருக்கு அம்மாவை அறிமுகப்படுத்தினார். பல் கிளினிக்கில் நர்ஸ் என்றார். அம்மா வழக்கம்போலச் சிரித்தாள். மதுரையில் அவள் பல் டாக்டர். இங்கே அதற்கான பரீட்சையை இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள், அதுவரை வேறொரு டாக்டருக்கு ஊசியும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும் வேலை. புது ஆன்ட்டி கொலுவைப் பார்த்தார். அவரும் குதிரை என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். என் நூலகப் புத்தகத்தை எடுத்து மண்டை ஓட்டுப் படத்தைக் காட்டினாள். குதிரையின் கடைவாய்ப்பல் புல்லை அரைக்கத் தோதாக உயரமாக இருக்கும், இதன் பல் குட்டை, தழை மெல்லத்தான் ஆகும் என்றாள்.

"காலைப் பார்த்தா குதிரைன்னுதான் தோணும். பல்லைப் பார்த்தா இல்லைன்னு தெரியும். எனக்குப் பல் தெரியும். நான் டென்டிஸ்ட்."

நர்ஸ் என்று சொன்ன ஆன்ட்டி சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, கடைவாயில் ரொம்ப நாளாக வலி என்று வாயைத் திறந்தார். அம்மா கை கழுவிக்கொண்டு வந்து, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் கொலுவுக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன். தோவாதீரியத்துக்காகத்தான் அம்மா பேசினாள் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.